பாரிஸ்காரர் குழலில் ஒரு விரிசல்

மச்சான்,

பெட்டியைத் திறந்தவுடன் தேன்மெழுகு வாசனை அடித்தது. நேற்று மாலை கஸ்தூரி கொண்டுவந்து கொடுத்தாள், இப்போது என் மேசைமேல் இருக்கிறது. உன் குழல் நான்கு துண்டாகக் கழற்றியபடி, அதே பச்சைத் துணிக்குள். வாய் வைக்கும் துண்டில் நீ சுற்றிய நூல் இன்னும் அவிழவில்லை. ஆறு மாதமாக யாரும் தொடாத பெட்டிக்குள் மெழுகு இப்படியா மணக்கும் என்றுதான் முதலில் தோன்றியது. மரம் வாசனையைப் பிடித்து வைத்திருக்கலாம். இல்லையென்றால் உன் மனைவி கஸ்தூரியே யாருக்கும் தெரியாமல் அவ்வப்போது திறந்து பார்த்திருக்க வேண்டும். இரண்டாவதுதான் உண்மை என்று நினைக்கிறேன்.

ஈப்போவில் பழைய மர வாத்தியங்களைப் பழுது பார்க்கும் ஒருவரை அவள் கண்டுபிடித்திருக்கிறாள். சரிசெய்து வைத்தால் மகள் வளர்ந்ததும் ஊதட்டும் என்கிறாள். அந்த ஆள் ஒரு தாள் அனுப்பியிருக்கிறார். என்ன மரம், எங்கே வைத்திருந்தீர்கள், என்ன எண்ணெய் போட்டீர்கள், விரிசல் எப்படி வந்தது. கடைசிக் கேள்விதான் முக்கியமாம். சட்டென்று சூடு பட்டு வெடித்ததா, மெல்லக் காய்ந்து வெடித்ததா, கீழே விழுந்ததா என்று தெரிந்தால்தான் எப்படி ஒட்டுவதென்று முடிவு செய்ய முடியும் என்று எழுதியிருக்கிறார். சரியான கேள்வி. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்பேன்.

"அண்ணே, நீங்கதான் படிச்சவங்க, டெக்னிக்கலா எழுதிக் குடுங்க" என்றாள் கஸ்தூரி. "அடுப்புச் சூட்டுல வெடிச்சதுன்னு போட்டுடுங்க. யாரு வெச்சதுன்னு கேட்டா என் பேரப் போடுங்க. எனக்கு ஒன்னும் இல்ல."

எனக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னபோது அவள் என்னைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தாள்.

அடுப்பு இல்லை மச்சான். நான்தான். மூன்று வருடமாக இதை நான் உன்னிடம் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததற்கு ஒரு காரணம் வைத்திருந்தேன்: உனக்குத் தெரியும், தெரிந்துகொண்டே விளையாடுகிறாய் என்று நம்பினேன். இப்போது தாள் முன்னால் இருக்கிறது, அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது. அதில் எழுதுவதற்கு முன் உனக்கு எழுதுகிறேன்.

எனக்கு யாரையும் சட்டென்று நம்பத் தெரியாது. அது உனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. பாலிடெக்னிக் முடித்துத் தேயிலை ஃபாக்டரிக்கு டெக்னீஷியனாக வந்த அன்று, வாட்டும் கூடத்தில் நீ ஒரு கை நிறையக் கொழுந்தை அள்ளி, இறுக்கிப் பிடித்து, கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். உருண்டை அப்படியே நின்றால் இலை வாடிவிட்டது என்று கணக்கு. நான் ஈரம் பார்க்கும் மீட்டரை நீட்டினேன்.

"உன் கைக்கு என்ன சர்ட்டிபிகேட் இருக்கு?" என்று கேட்டேன்.

"உன் மீட்டருக்கு நாக்கு இருக்கா லா?" என்றாய்.

அன்று முழுக்க நமக்குள் பேச்சு இல்லை. மறுநாள் எனக்கும் சேர்த்து நாசி லெமாக் வாங்கி வந்தாய். எதற்காக வாங்கி வந்திருப்பாய் என்று யோசித்துக்கொண்டேதான் தின்றேன்.

குழல் விஷயத்திலும் அப்படித்தான். உன் அப்பா துரை பங்களாவில் தோட்டக்காரராக இருந்தார், அங்கே கடைசியாக இருந்த வெள்ளைக்கார அம்மா ஊருக்குப் போகும்போது குழலையும் ஒரு கட்டு இசை நோட்டையும் அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார் என்று நீ சொன்னாய். "குடுத்தாங்களா, எடுத்துட்டு வந்தாரா?" என்று நான் முகத்துக்கு நேரே கேட்டேன். நீ கோபப்பட்டாய். "எங்கப்பா ஒரு ரோஜாக் குச்சிய கூட கேக்காம ஒடிச்சதில்ல" என்றாய். அதோடு விட்டேனா? தோட்ட ஆபீஸில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற கிராணியிடம் போய் விசாரித்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அந்தம்மா குடுக்கும்போது நான் பக்கத்துலதான் நின்னேன். உனக்கு வேற வேல இல்லையா தம்பி?" என்றார். நான் விசாரித்தது உன் காதுக்கு வந்திருக்கும். நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த நோட்டுக் கட்டில் முக்கால்வாசி ஒரே ஆள் எழுதியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் நகரத்தைக் குழலால் கட்டிப்போட்ட பிரெஞ்சுக்காரர். எல்லா அட்டையிலும் அவர் பெயர் இருந்தது. ஃபாக்டரியில் யார் வாயிலும் அது நிற்கவில்லை, பாரிஸ்காரர் என்று வைத்துவிட்டார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

உனக்குப் பிரெஞ்சு தெரியாது. மேற்கத்திய நோட்டு வாசிக்கத் தெரியாது. கோயில் பஜனையில் மூங்கில் குழல் ஊதிப் பழகிய விரல் மட்டும்தான் இருந்தது. அந்த மரக்குழலிலும் விரலுக்கு ஆறு துளை, விரல் எட்டாத துளைகளுக்கு வெள்ளி மூடிகள். "பாதி நம்மோடது, பாதி அவங்களோடது" என்று சொல்லிக்கொண்டு போனில் வீடியோவை எதிரே வைத்து ஒரு வருடத்தில் ஒப்பேற்றினாய். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வாட்டும் கூடத்துப் படியில் உட்கார்ந்து அவர் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்ப்பாய். சின்ன வயதிலேயே பாரிஸ் இசைக் கல்லூரியில் எல்லாரையும் விட நன்றாக ஊதினாராம், ஆனால் வயது போதாது என்று முதல் பரிசைக் கொடுக்கவில்லையாம்.

"ஆதாரம்?"

"புக்குல இருக்கு லா."

"எந்த புக்?"

"இவன் ஒருத்தன், போலீஸ்ல சேர வேண்டியவன்."

பிறகு அவருக்குப் போட்டியாக இன்னொருவர் வந்த கதை. அந்த ஆளுக்கு விரல் மின்னல், பாரிஸ் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றது. அப்போது ஓர் ஓபேராவில் பறவையின் குரலாகக் குழல் ஊத வேண்டியிருந்தது. பாரிஸ்காரர் ஊதினார், போட்டி அத்தோடு முடிந்தது. "நிஜப் பறவையே வெட்கப்பட்டு வாய மூடிக்கிச்சாம்" என்றாய். நான் உன்னை முறைத்தேன். "சரி லா, அந்த ஒரு வரி என்னோடது. மத்ததெல்லாம் அவரோடது" என்று ஒப்புக்கொண்டாய். அன்றிலிருந்து நீ சொல்லும் எதிலும் எது உன் வரி, எது அவர் வரி என்று தேட ஆரம்பித்தேன்.

அரசரைப் பிடிக்காது என்பதை அவர் வாயடக்காமல் சொல்லித் திரிந்ததும், அதனால் அரசவையிலும் கல்லூரியிலும் வரவேண்டிய இடம் வராமல் போனதும், ஓபேரா வாத்தியக் குழுவை விட்டே வெளியேறியதும், சில வருடம் கழித்து அவர்களே திரும்ப அழைத்ததும் எனக்குப் பிடித்திருந்தன. வேட்டைக்கும் ஓவியத்துக்கும் ஓடிவிட்டுக் குழலை நாள்கணக்கில் தொடாமல் கிடந்தது பிடிக்கவில்லை. கருவியை ஒழுங்காகப் பராமரிக்காதவனை எனக்குப் பிடிக்காது. இதை எழுதும்போது கை கூசுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

நம் பெரிய சண்டை ஜெர்மன்காரரைப் பற்றி. அவர் காலத்திலேயே ஒரு ஜெர்மன்காரர் குழலை அடியோடு மாற்றிச் செய்தார். துளையை எங்கே போட்டால் சுதி சுத்தமாக வரும் என்று பார்த்து அங்கே போட்டார், விரல் எட்டுவதற்குத் தனி இயந்திர அமைப்பு வைத்தார். இன்று உலகம் முழுவதும் ஊதுவது அந்த வகையைத்தான். பாரிஸ்காரர் அதைக் கடைசிவரை ஏற்கவில்லை. பழைய மரக்குழலையே கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தி, சொந்தப் பட்டறையில் செய்தும் விற்றார். அவர் பேராசிரியராக இருந்தவரை அந்தக் கல்லூரியில் புதுக்குழலுக்கு இடமில்லை.

"உன் ஆளு பெரிய கலைஞனா இருக்கலாம். ஆனா நல்ல எஞ்சினியரிங்கத் தடுத்த ஆளு" என்றேன்.

"புதுசு நல்லாருக்குன்னு அவருக்குத் தெரியாதா? குரல் மாறிடுதுன்னுதான் வேணாம்னாரு."

"குரலாவது மண்ணாவது. தன் வியாபாரம் படுத்துடும்னு பயந்திருப்பாரு."

"உனக்கு எதுலயும் திருட்டுத்தனம்தான் தெரியும் லா. கேளு முதல்ல" என்று சொல்லி, சோலோ என்று அவர் பேர் வைத்த ஒன்றின் நடுப்பகுதியை ஊதினாய். அவருடைய சோலோக்கள் கல்லூரித் தேர்வுக்காக எழுதப்பட்டவை என்று பிறகு சொன்னாய். கம்பீரமாக ஆரம்பிக்கும், கடைசியில் விரல் பிய்ந்துபோகும் வேகம். நடுவில் மட்டும் ஆள் தனியாக நடந்து போவதுபோல ஒரு மெதுவான பாட்டு. கேட்டேன். வாதத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் மறுநாள் நானாகவே, "அந்த நடுவுல வர்றத ஊது" என்றேன்.

இனி உனக்குச் சொல்லாதது.

மூன்று வருடத்துக்கு முன் மார்கழி. பொங்கலுக்குத் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் நீ பாரிஸ்காரரை ஊதுவதாக இருந்தது. மழை விடவே இல்லை, சுவரெல்லாம் வேர்த்துக்கொண்டிருந்தது. கஸ்தூரி வயிற்றுப் பிள்ளையோடு இருந்தாள். அவளைத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதற்காகக் காலையிலேயே கிளம்பினாய். மழையில் நனைந்துவிடும் என்று குழல் பெட்டியைக் கூடத்து அலமாரியில் விட்டுவிட்டுப் போனாய்.

நான் திறந்து பார்த்தேன். பச்சைத் துணியில் வெள்ளையாகப் பூஞ்சை. மரத்திலும் அங்கங்கே படிந்திருந்தது. என் மீட்டரை வைத்துப் பார்த்தேன். தேயிலை மீட்டர் மரத்துக்குச் சரிவராது, தெரியும். இருந்தாலும் எண் அதிகமாகக் காட்டியது எனக்குப் போதுமாக இருந்தது. கொழுந்து வாட்டும் மூன்றாம் தொட்டி காலியாகக் கிடந்தது. நீளமான கம்பிவலைப் படுக்கை, அடியில் காற்றாடி, மழைக்காலம் என்பதால் சூடான காற்றைக் கலந்து ஏற்கெனவே விட்டிருந்தார்கள். குழலை நான்கு துண்டாக்கி, கொழுந்தைப் பரப்புவதுபோல வலைமேல் வரிசையாகப் பரப்பினேன்.

இலைக்கு என்ன செய்கிறோமோ அதையே மரத்துக்கும் செய்தேன். இலை சுருங்கலாம், சுருங்கத்தான் வாட்டுகிறோம். மரம் அவசரமாகச் சுருங்கினால் என்ன ஆகும் என்பது டிப்ளோமா முதல் வருடப் பாடம். பரீட்சையில் சரியாக எழுதியும் இருக்கிறேன். உனக்கு உதவி செய்கிறேன் என்று நினைத்தேன். இருபது நிமிடம் என்று கணக்குப் போட்டேன். அதற்குள் கீழே இலை உருட்டும் மெஷின் நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். போனவன் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் வந்தேன்.

பூஞ்சை போயிருந்தது. மரம் தேநீர்க் கோப்பை மாதிரி கதகதப்பாக இருந்தது. வாய் வைக்கும் துளையிலிருந்து கீழ்நோக்கி ஒரு தலைமுடி கிடந்தது. ஊதினேன். போகவில்லை. நகத்தால் தடவினேன். நகம் சிக்கியது.

பெட்டியில் இருந்த உன் எண்ணெயைத் தொட்டு அதன்மேல் பூசினேன். கோடு மறைந்தது. மூடி வைத்தேன். மாலையில் நீ வந்து, டாக்டர் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று சொன்னதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு போனாய்.

உன் லயத்து வரிசைவீட்டில் மழைக்காலத்தில் காய்ந்த இடம் ஒன்றே ஒன்று. கேஸ் அடுப்புக்கு மேலே உள்ள பலகை. அதற்கு முந்தைய மழைகளிலும் கஸ்தூரி அங்கேதான் பெட்டியை வைத்தாள், ஒன்றும் ஆகவில்லை. அன்றும் வைத்தாள். காலையில் கோடு வாய்த்துளையிலிருந்து துண்டின் ஓரம்வரை பிளந்திருந்தது.

நீ அதை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம்தான் வந்தாய். மூன்றாம் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுதான் காட்டினாய்.

"அடுப்பு மேல வெச்சதாலயா மச்சான்? நீ டெக்னீஷியன், சொல்லு."

"ஆமா" என்றேன். "கீழேர்ந்து சூடு ஒரு பக்கமா ஏறும். அந்தப் பக்கம் காஞ்சு சுருங்கும், மறுபக்கம் சுருங்காது. வெடிச்சுதான் ஆகும்."

அறிவியல்படி ஒவ்வொரு வார்த்தையும் சரி. மொத்தமாகப் பொய்.

நீ என் முகத்தையே பார்த்தாய். அந்தப் பார்வையிலிருந்துதான் எனக்கு நோய் பிடித்தது. எண்ணெய் குறைந்திருப்பதைக் கண்டுவிட்டானோ. வலையின் தடம் மரத்தில் விழுந்திருக்கிறதோ. தெரிந்துகொண்டேதான் அடுப்பா என்று கேட்டானோ.

மறுநாள் நீ சொன்ன கதை சந்தேகத்தை உறுதியாக்கியது. பாரிஸ்காரர் ஒரு கச்சேரிக்கு வருகிறார். ஊதப் போகும்போது பார்த்தால் குழலில் விரிசல். கொஞ்சமும் பதறாமல் சபைக்கு முன்னாலேயே நூலையும் மெழுகையும் எடுத்துக் கட்டுகிறார். கட்டி முடித்து ஊதுகிறார். கைதட்டு நிற்கவில்லை.

"அப்பவே நூலும் மெழுகும் பாக்கெட்ல ரெடியா இருந்துச்சாக்கும்" என்றேன்.

"இருந்துச்சு லா. வெடிக்கும்னு தெரிஞ்ச ஆளு வெச்சிருப்பான்ல?"

வெடிக்கும் என்று தெரிந்த ஆள். அந்தச் சொல்லை நீ எனக்காகவே எடுத்தாய் என்று நினைத்தேன். கதையே எனக்காகக் கட்டியது, நானாக வாய் திறப்பேனா என்று பார்க்கிறாய் என்று முடிவு கட்டினேன். நீ தேன் பண்ணையில் மெழுகு வாங்கி வந்தாய், கஸ்தூரியின் தையல் பெட்டியிலிருந்து நூல். கட்டும்போது நூலின் ஒரு முனையை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். "இன்னும் இழு" என்றாய். இழுத்தேன். வாய் திறக்கவில்லை.

பொங்கல் அன்று மண்டபத்தில் நீ குழலை எடுத்ததும் பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்: "என்னா தம்பி, குழலுக்குக் கை ஒடிஞ்சு போச்சா, கட்டுப் போட்டிருக்க?"

"ஒடிஞ்சுதான் போச்சுண்ணே. மாவுக் கட்டு இல்ல, மெழுகுக் கட்டு" என்றாய். மண்டபமே சிரித்தது. கஸ்தூரி இரண்டாம் வரிசையில் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீ அந்த மெதுவான பகுதியை ஊதினாய். மேலே போகும்போதெல்லாம் கட்டுக்கு அடியிலிருந்து காற்று கசிந்து சீறியது. எல்லாரும் கை தட்டினார்கள். நான் சீறலை மட்டும் கேட்டேன்.

அதற்குப் பிறகு நீ செய்த ஒவ்வொரு நல்லதையும் நான் சந்தேகத்தோடு எடை போட்டேன். அவர் எழுதிய டூயட்டுகளுக்கு இரண்டாவது ஆள் வேண்டும், நீ கற்றுக்கொள் என்றாய். குழலைக் கையில் கொடுத்து என் முகம் மாறுகிறதா என்று பார்க்கத்தான் கேட்கிறாய் என்று நினைத்து, நேரமில்லை என்றேன். நீ இரண்டாவது குழலை நீயே போனில் பதிந்து வைத்துக்கொண்டு அதனோடு சேர்ந்து ஊதினாய். கூடத்து அலமாரிக்குப் பூட்டுப் போட்டு, சாவியில் ஒன்றை என்னிடம் கொடுத்தாய். ஏன் கொடுக்கிறாய் என்று ஒரு வாரம் தூக்கமில்லை.

உச்சம் உன் மகளின் காதுகுத்து. கஸ்தூரிக்குக் கூடப் பிறந்தவன் இல்லை.

"மாமன் மடி வேணும் லா. நீதான் உக்காரணும்" என்றாய்.

"ஏன், வேற ஆளே இல்லையா?"

"அவள தங்கச்சின்னுதானே கூப்புடுற? அப்பறம் என்னா?"

உன் கண்ணைப் பார்த்தேன். அதில் கேலி இருக்கிறதா என்று தேடினேன். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பாய், அதனால் உட்கார்ந்தேன். பிள்ளை என் மடியில் கத்தித் தீர்த்தது. கஸ்தூரி எனக்கு வேட்டி துண்டு வைத்த தட்டை நீட்டி, "வாங்கிக்குங்கண்ணே" என்றாள். அவள்மேல் பழியைப் போட்டவன் அவளிடமிருந்து அண்ணன் மரியாதையை வாங்கிக்கொண்டான். நீ பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாய். என்ன அழகாகப் பழி வாங்குகிறான் என்று நினைத்தேன் மச்சான். உன்னைப் பற்றி அப்படித்தான் நினைத்தேன்.

ஆறு மாதத்துக்கு முன் திரிங்காப் வளைவில் மழையும் பனியும் சேர்ந்த ஒரு காலையில் உன் மோட்டார் சைக்கிள் வழுக்கியது. அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்கு முதலில் வந்த எண்ணம், இனி அவனிடம் கேட்க முடியாது என்பதுதான். சொல்ல முடியாது என்று தோன்றியிருக்க வேண்டும். கேட்க முடியாது என்றுதான் தோன்றியது.

நேற்று பெட்டி வந்த பிறகு அந்த நூல் மெழுகுக் கதையைத் தேடினேன். ஆதாரம் கேட்டே பழகியவன், இதற்கு மட்டும் மூன்று வருடம் தேடவில்லை. அது இருக்கிறது மச்சான். அவர் வாழ்க்கையைப் பற்றிப் பழைய காலத்தில் எழுதியவர்களே சொல்லியிருக்கிறார்கள். விரிசல், நூல், மெழுகு, சபைக்கு முன்னால். நீ கட்டிய கதை இல்லை. உன் வரி அதில் ஒன்றுகூட இல்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இருந்தாலும் அதை அன்றைக்குப் பார்த்து ஏன் சொன்னாய் என்றுதான் மறுபடி மனம் கேட்டது.

இதுவரை எழுதிவிட்டு, தாளை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போய்வந்தேன்.

கஸ்தூரி அப்போதுதான் கோலா தெர்லாவில் காய்கறி கட்டும் வேலை முடிந்து வந்திருந்தாள். கையில் இன்னும் மண். நான் உட்காரவில்லை. சுற்றி வளைக்கத் தெரியாது எனக்கு.

"அடுப்பு இல்ல தங்கச்சி. நான்தான். அன்னிக்கு நீங்க ஆஸ்பத்திரி போனப்ப தொட்டில வெச்சுக் காய வெச்சேன். கோடு விழுந்ததப் பார்த்தேன். எண்ணெய் பூசி மூடிட்டேன். அவன் கேட்டப்ப அடுப்புன்னு சொன்னதும் நான்தான்."

அவள் கையில் இருந்த மண்ணைக் கட்டை விரலால் தேய்த்து உதிர்த்தாள்.

"அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்னுதான் நினைக்கிறேன். தெரிஞ்சும் சொல்லாம இருந்தான். அவன் பார்த்த பார்வையே..."

"என்னா பார்வை?" என்று வெட்டினாள். "உங்களுக்கு எல்லாம் பார்வைதான். அந்த விரிசல் வந்த நாள்லேர்ந்து பொங்கல் வரைக்கும் அவரு என்கூடப் பேசல. தெரியுமா உங்களுக்கு? வயித்துல புள்ள. சோத்தப் போட்டா திம்பாரு, எழுந்து போயிடுவாரு. கல்யாணம் ஆனதுலேர்ந்து அப்படி ஒரு நாள் இருந்ததில்ல. தெரிஞ்சிருந்தா என்கிட்ட ஏன் பேசாம இருக்கணும்? அவருக்குப் பொய்க்கோபம் வராது, உங்களுக்கே தெரியும்."

எனக்குத் தெரியும். மூன்று வருடமாக இந்த ஒன்றை மட்டும் நான் யோசித்ததே இல்லை.

"யாரு வந்து கேட்டாலும் சொல்லுவாரு," என்றாள். "'என் மச்சான் டெக்னீஷியன், அவன் பார்த்துட்டான், சூடு ஒரு பக்கமா ஏறியிருக்கு. அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்'னு. நான் நின்னு கேட்டுக்கிட்டு இருப்பேன். மழை வந்தா அந்தப் பலகையப் பார்க்கவே மாட்டேன் அண்ணே, மூணு வருஷமா. நீங்க இங்க வந்து எத்தன தடவ சாப்புட்டீங்க? மாமன்னு உக்காந்தீங்களே?"

நான் கொண்டுபோன தாளை விரித்தேன்.

"எழுதுங்க" என்றாள். "இங்கயே, என் கண்ணு முன்னால."

நின்றபடியே சுவரில் தாளை வைத்து எழுதினேன். தேயிலை வாட்டும் தொட்டியில், சூடான காற்றில், ஒன்றரை மணி நேரம். வைத்தவர் என்று சேர்த்து என் பெயர். நீட்டினேன். வாசித்தாள்.

"அடுப்புக்கு இதுல சம்பந்தம் இல்லன்னும் போடுங்க."

போட்டேன். இன்னொரு முறை வாசித்து நாலாக மடித்தாள். நான் கை நீட்டினேன். "குடு, பெட்டியோட சேர்த்து நானே ஈப்போவுக்குக் கொண்டுபோயிடறேன்."

"வேணாம். பெட்டியையும் நாளைக்குக் கொண்டாந்து குடுத்துடுங்க. நானே போறேன்" என்றாள். "வழியில வேற தாள் மாத்திடுவீங்க."

அண்ணே என்று சேர்க்கவில்லை. அந்த வீட்டிலிருந்து ஒன்றும் குடிக்காமல் கிளம்பியது அதுதான் முதல் தடவை.

அவள் என்னைச் சந்தேகப்படுவது சரி. நானாக இருந்தாலும் தாளைக் கொடுக்கமாட்டேன். என்னைச் சந்தேகப்பட எல்லாருக்கும் காரணம் இருந்தது, உனக்குத்தான் எல்லாரையும்விட அதிகமாக இருந்தது. நீ சந்தேகப்படவில்லை. இரண்டரை வருடம் உன் முகத்தில் நான் தோண்டிக்கொண்டிருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. நான் சொன்னதை நம்பினாய், நம்பியதால்தான் அவளோடு பேசாமல் இருந்தாய், நம்பியதால்தான் உன் மகளை என் மடியில் உட்கார வைத்தாய். நீ தெரிந்தே மன்னித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், கடன் தீர்ந்தது என்று போயிருப்பேன். நீ மன்னிக்கவில்லை மச்சான், மன்னிக்க ஏதோ இருக்கிறது என்றே உனக்குத் தெரியாது. அந்த நம்பிக்கையை நான் திருப்பிக் கொடுக்க நீ இல்லை. என்னிடமே இருக்கிறது.